முறைக்குக் கூப்பிடாத வீடுகள்

மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எந்த அகராதி நல்லது, குறிப்பு எப்படி எடுப்பது, தொண்டை கட்டிக்கொண்டால் என்ன குடிப்பது என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் பொறுமை கிடையாது. இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்போது ஓர் இக்கட்டு வரும். சொன்னதை அப்படியே சொன்னாலும் காரியம் கெட்டுப்போகும், மாற்றிச் சொன்னாலும் கெட்டுப்போகும். அது வராமல் இந்தத் தொழிலில் யாரும் ஓய்வுபெற்றதில்லை. எனக்கு அது திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் வந்தது.

நான் அருப்புக்கோட்டைக்காரி. அப்பாவுக்குக் கடைத்தெருவில் எண்ணெய்க்கடை. இங்கிலீஷ் படித்த பெண் டீச்சராகப் போவாள் என்று அவர் நினைத்திருந்தார். நான் வெளிநாட்டு நிவாரணக்காரர்களுக்குப் பேச்சை மாற்றிச் சொல்லும் வேலைக்குப் போனேன். "எல்லாரும் சொந்தமாப் பேசிப் பொழைக்கிறாக, எம்மக அடுத்தவுக பேச்சப் பேசிப் பொழைக்கிறா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதில் பாதி குறை, பாதி பெருமை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. உலக நாடுகள் ஒன்றுகூடி, நிறத்தையும் பிறப்பையும் வைத்து மனிதரைத் தள்ளிவைப்பதற்கு எதிராகப் பத்து ஆண்டுகளை ஒதுக்கியிருந்தன. அதையொட்டி வெளிநாட்டு அமைப்பு ஒன்று, ஒரு நாட்டிலிருந்து விரட்டப்பட்டவர்களைப் போய்ச் சேர்ந்த நாடு எப்படி நடத்துகிறது என்று பார்த்துவர இரண்டு பேரை அனுப்பியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட நம் ஆட்கள் அப்போது தமிழ்நாட்டில் அங்கங்கே குடியேறியிருந்தார்கள். திருச்சுழிக்கும் பரளச்சிக்கும் இடையில் ஒரு கிராமத்து ஓரமாகவும் முப்பது சொச்சம் வீடுகள் இருந்தன. மதுரையில் இந்த வேலைக்குப் பேசி வைத்திருந்த பேராசிரியர் வெயிலைக் கேட்டதும் பின்வாங்கிவிட்டார். அதனால் எனக்கு வந்தது.

வந்தவர்களில் ஒருவர் மேற்கு ஆப்பிரிக்க நாட்டு வக்கீல். ஆறடிக்கு மேல் உயரம், தாழ்ந்த குரல், எதைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார். இன்னொருவர் ஐரோப்பாவின் வட கோடியிலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மாள். அவருக்கு எழுதும் வேலை. யார் தும்மினாலும் எழுதிக்கொள்வார் என்று தோன்றும் அளவுக்கு எழுதினார். இவர்களோடு தாலுகா ஆபீஸிலிருந்து ஓர் அலுவலரும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். அவருக்கு ஒரே கவலைதான். பிரச்சினை ஏதும் இல்லாமல் பொழுது சாய்வதற்குள் எங்களைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

புரட்டாசி வெயில். இரண்டு பக்கமும் மானாவாரிக் காடு, விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு வைத்திருந்தார்கள். ஊர் நாட்டாமை எதிர்கொண்டு வந்தார். நல்ல மனிதர், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வக்கீலின் நிறத்தைப் பார்த்து வாய்பொத்திச் சிரித்த பையன்களை ஓர் அதட்டுப் போட்டு விரட்டினார்.

"வெயில்ல வந்திருக்காக. மொதல்ல கலரு குடிக்கச் சொல்லு தாயி. பேச்சு எங்க போகுது" என்றார்.

கலர் சோடா குடித்தோம். ஒரு பக்கம் ஊர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள். இன்னொரு பக்கம் இலங்கையிலிருந்து வந்தவர்கள் நின்றார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பேசுகிறவர் "எனக்குத் தாகம்" என்றால் நாமும் "எனக்குத் தாகம்" என்றுதான் சொல்ல வேண்டும், "அவருக்குத் தாகமாம்" என்று சொல்லக் கூடாது. நம்முடைய 'நான்' என்ற சொல்லை வேலை நேரத்தில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறோம். சொந்தமாகச் சொல்ல எதுவும் இருந்தால் அதை மடியில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வக்கீல் நாட்டாமையிடம் கேட்டார். "வெளியிலிருந்து வந்த இவர்களை உங்கள் ஊர் எப்படி வைத்திருக்கிறது?"

"இவுகளுக்கு என்ன கொற? அக்கரையில இருந்து அடிபட்டு மிதிபட்டு வந்தவுக. நம்ம ஊருக்கு விருந்தாளிக. அந்த வேல இந்த வேலன்னு ஒரு நாளு தொந்தரவு பண்ணுனதில்ல. கேட்டுப் பாருங்க."

வக்கீல் நின்றவர்கள் பக்கம் திரும்பி, குறை ஏதும் உண்டா என்று கேட்டார். அவர்கள் நாட்டாமையைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். ஆபீஸ்காரர் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டார். அப்போது முன்வரிசையில் நின்ற ஒரு பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேசினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் பாக்கியம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஒரு கொற இருக்கு. எங்கள மொறைக்குக் கூப்புட மாட்டேங்குறாக."

இங்கே கொஞ்சம் நிறுத்தி, முறை என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். அந்த ஊருக்குக் குடிதண்ணீர் ஊருணியில்தான். குண்டாற்றில் வெள்ளம் வரும்போது ஒரு வரத்துக்கால், அதாவது வாய்க்கால் வழியாக அந்தத் தண்ணீர் வந்து ஊருணியை நிரப்பும். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அந்தக் காலில் சேர்ந்த மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். தமுக்கு அடிப்பார்கள். மறுநாள் விடியற்காலம் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு ஊருணிக் கரைக்கு வர வேண்டும். நாட்டாமை பெயர் பெயராகக் கூப்பிடுவார். கூலி கிடையாது. வராத வீட்டுக்குத் தெண்டம், அதாவது கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்கி ஊற்ற வேண்டும். முறைக்கு வந்த வீடுதான் ஊருணியில் குடம் முக்கலாம். வராத வீட்டுக்கு ஊருக்கு வெளியே உள்ள உவர்க்கிணறு. அதில் பருப்பு வேகாது.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பாக்கியம் சொன்ன அந்த ஒரே வாக்கியத்தில் தண்ணீரும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. ஆனால் அதை இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். 'ஊர் வேலைக்கு எங்களை அழைப்பதில்லை' என்றுதான் வரும். அதைத்தான் சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

வக்கீல் முன்னால் சாய்ந்தார். "அந்த வேலைக்குக் கூலி உண்டா?"

"இல்லீங்க" என்றாள் பாக்கியம்.

"பெயர் வாசித்துக் கூப்பிடுவார்களா?"

"ஆமா. நாட்டாமதான் கூப்புடுவாரு."

"வராவிட்டால்?"

"தெண்டம் போடுவாக."

வக்கீலின் முகம் மாறியது. கையிலிருந்த கலர் பாட்டிலைக் கீழே வைத்தார். என்னிடம் சொல்வது போலவும் தனக்கே சொல்லிக்கொள்வது போலவும் பேசினார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஊருக்கு வந்து மரத்தடியில் நின்று பெயர் வாசிப்பானாம். பெயர் விழுந்தவன் ரோடு போடப் போக வேண்டும். கூலி கிடையாது, வராதவனுக்கு அபராதம். அவருடைய அப்பா அப்படிப் போய் முதுகு வளைந்து திரும்பினார். பிறகு அவர் நிமிர்ந்து நடந்ததை யாரும் பார்த்ததில்லை.

சொல்லி முடித்துவிட்டு எழுதும் அம்மாளைப் பார்த்தார். "எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஊரில் கூலியில்லாக் கட்டாய வேலை நடக்கிறது."

அம்மாள் எழுதினார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாவை அந்த நிலையில் பார்த்தவர் வேறு எப்படிக் கேட்டிருப்பார்? ஆனால் அந்த வரி அப்படியே போனால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்தது. மேலேயிருந்து விசாரணை வரும். முறை கூடாது என்று தாலுகா ஆபீஸ் உத்தரவு போடும். கால் தூர்ந்துவிடும், ஊருணி காயும். முப்பது வீட்டுக்காரர்கள் வாய் திறந்ததால் வந்த வினை என்று ஊர் சொல்லும். அப்புறம் அவர்களை எந்தக் காலத்திலும் யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள்.

ஆபீஸ்காரர் அரைகுறை இங்கிலீஷில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். என் காதோரம் குனிந்தார். "ஏம்மா, இத எதுக்கு வளத்துக்கிட்டு. வேலை கேக்குறாகன்னு சொல்லி முடிச்சிரு. நான் ரோட்டு வேலைல கூலிக்கு ஏற்பாடு பண்ணிர்றேன். எல்லாருக்கும் நல்லது."

அந்தப் பக்கம் நாட்டாமையும் பொறுமையிழந்தார். "என்ன தாயி எழுதுறாக? எவனாச்சும் எம்மேல பிராது சொல்லிட்டானா?"

இதுதான் நான் சொன்ன இக்கட்டு. ஆபீஸ்காரர் சொன்ன வழியில் பொய்கூட அதிகமில்லை. வேலைக்குக் கூப்பிடவில்லை என்பதை வேலை கொடுக்கவில்லை என்று சொன்னால் போதும், ஒரே ஒரு சொல் மாறும். வக்கீலுக்கு மனம் ஆறிவிடும், ஆபீஸ்காரர் ஜீப்பில் தூங்கிக்கொண்டே ஊர் போவார், முப்பது வீட்டுக்கும் கொஞ்ச நாள் கூலி கிடைக்கும். இப்படி மெழுகிவிடுவதைச் சாமர்த்தியம் என்று நினைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்காது. பாக்கியம் கூலி கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்ததிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் கூலிதான். கூலி வாங்கிக்கொண்டு மண் வெட்டினால் சாகும்வரை அந்த ஊரின் கூலியாள், அவ்வளவுதான். அவள் கேட்டது வேறு.

நான் எழுந்து நின்றேன்.

முதலில் பாக்கியத்திடம் கேட்டேன். "நீ சொன்னது இவுகளுக்கு வேற மாதிரி விழுந்திருச்சு. நான் என் வாயால வெளக்கட்டுமா? வேண்டாம்னா சொல்லிரு, உக்காந்துக்கிர்றேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சொல்லுங்க. ஆனா எங்களப் பாத்து எரக்கப்பட வைக்காதீங்க."

பிறகு இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மொழியிலும் சொன்னேன். உட்கார்ந்திருக்கும்போது நான் பேசுவது உங்கள் பேச்சு, நின்றுகொண்டு பேசுவது என் பேச்சு, இப்போது நிற்கிறேன். யாருக்காவது வேண்டாமென்றால் சொல்லுங்கள். ஆபீஸ்காரருக்கு மட்டும் வேண்டாம் போலிருந்தது. அவர் வெளியே சொல்லவில்லை.

வக்கீலிடம் ஊருணியைக் காட்டினேன். பள்ளிக்கூடத்து வாசலிலிருந்தே தெரியும். அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. "இதில் மண் எடுக்கிறவர்கள்தான் இதில் குடிக்கிறவர்கள். உங்கள் அப்பா போட்ட ரோட்டில் உங்கள் அப்பா நடக்கவில்லை. இங்கே வெட்டுகிறவன் வீட்டுக் குடம்தான் நிறைகிறது. அந்தப் பெண் வேலையிலிருந்து விடுதலை கேட்கவில்லை. தன் வீட்டையும் சேர்த்துக் கூப்பிடச் சொல்கிறாள்" என்றேன்.

நாட்டாமையிடமும் மறைக்கவில்லை. "ஒங்க மொறையக் கட்டாய வேலன்னு நெனச்சுட்டாக. இவுக அப்பாவ வெள்ளக்காரன் இப்படித்தான் பேரு வாசிச்சுக் கூட்டிட்டுப் போனானாம். ஆளு முடியாம வந்து சேந்திருக்காரு."

நாட்டாமை துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார். "அடப் பாவமே" என்றார். வக்கீலைப் பார்த்துத்தான் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

நான் உட்கார்ந்தேன். இதுதான் முக்கியம், கேட்டுக்கொள்ளுங்கள். எழுந்து நின்று பேசுவது பெரிய காரியமில்லை, நாலு பேர் கவனிக்கிறார்கள் என்றால் யாருக்கும் பேச வரும். திரும்ப உட்காரத் தெரிய வேண்டும். ஊரையும் உலகத்தையும் நான்தான் சேர்த்துவைக்கிறேன் என்ற நினைப்பு அந்த நேரத்தில் தலைக்கு ஏறும். எனக்கும் ஏறப் பார்த்தது. அதனால் சட்டென்று உட்கார்ந்துவிட்டேன்.

எழுதும் அம்மாள் பழைய வரியை அடித்தார். வக்கீல் நேராக நாட்டாமையைக் கேட்டார். "அப்படியானால் இவர்களை ஏன் கூப்பிடுவதில்லை?"

"விருந்தாளிய மண்ணு செமக்கச் சொல்லலாமா?" என்றார் நாட்டாமை. அவருக்கே அது பத்தவில்லை என்று தெரிந்தது. கொஞ்சம் இழுத்துச் சொன்னார். "இன்னொண்ணும் இருக்கு. எங்க நிறுத்துறது? காலு முழுக்கப் பங்கு பிரிச்சிருக்கு. மேப்பங்கு இன்னாருக்கு, நடுப்பங்கு இன்னாருக்கு, கடைப்பங்கு காலனிக்காரவுகளுக்கு. அவுகவுக பங்குல வெட்டி, அவுகவுக துறையில தண்ணி எடுக்கணும். இவுக என்ன ஆளுகன்னு சொல்லட்டும். நாளைக்கே கூப்புடுறேன். கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறாக."

சாதியைத்தான் கேட்கிறார் என்பதை வக்கீலுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் படித்துவிட்டு வந்திருந்தார். பாக்கியத்தைப் பார்த்தார்.

"சொல்ல மாட்டோம்" என்றாள் அவள். "இதுல எல்லா ஆளுகளும் இருக்காக. அங்க ஒரே லயத்துல பக்கத்துப் பக்கத்து ரூம்புல இருந்தோம். ஒரே பெரட்டுக் களத்துல நின்னோம். விடியக் காலம் கங்காணி பேரு கூப்புடுவான், இருக்கோம்னு சத்தம் குடுப்போம். கள்ளத்தோணின்னு சொல்லி அடிச்சப்ப, நீ எந்தப் பங்குன்னு கேட்டு அடிக்கல. இங்க வந்தா சிலோன்காரின்றாக. சரி, சிலோன்காரியாவே கூப்புடுங்க. ஆளுக்கொரு பங்குல பிரிஞ்சு நிக்கச் சொன்னா நிக்க மாட்டோம். உப்புத் தண்ணியே குடிச்சுக்கிர்றோம்."

லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு, பெரட்டுக் களம் தினமும் ஆள் கணக்கெடுக்கும் இடம், கள்ளத்தோணி என்பது திருட்டுத்தனமாகக் கடல் தாண்டி வந்தவர்கள் என்று அங்கே ஏசும் பேர். நான் சொல்லச் சொல்ல, வக்கீல் என்னைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் குரல் ஒரு இடத்தில் தடுமாறியது. தடுமாறக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். தடுமாறினால் தண்ணீர் குடித்துவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

நாட்டாமைக்கு ரோஷம் வந்துவிட்டது. வெளியாள் முன்னால் ஒரு பெண் எதிர்த்துப் பேசியது ஒன்று, அவள் பேச்சில் நியாயம் இருந்தது இன்னொன்று. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் வக்கீல்மேல் காட்டினார்.

"இம்புட்டுக் கேக்குறாகளே, இவுக ஊர்ல இவுக என்ன ஆளுகளாம்? அதக் கேளு தாயி."

ஆபீஸ்காரர் என் கையை அழுத்தினார். கேட்காதே என்று அர்த்தம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இதை விழுங்கிவிடலாம், 'உங்கள் ஊரைப் பற்றிக் கேட்கிறார்' என்று மரியாதையாகத் திருப்பிவிடலாம். ஆனால் பாக்கியத்திடம் எந்தக் கேள்வியைத் தினமும் கேட்கிறார்களோ, அதே கேள்வி இது. அவள் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். இவரிடமிருந்து மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? உள்ளது உள்ளபடி கேட்டேன்.

வக்கீல் யோசித்தார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். நான் அதை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே திருப்பினேன்.

"எங்கப்பாவ ரோட்டு வேலைக்குக் கூட்டிட்டுப் போனவுக, அவரு என்ன ஆளுகன்னு கேக்கல. தோலப் பாத்தாக, தெரிஞ்சுக்கிட்டாக. ஒங்களுக்கு இவுக தோலப் பாத்து ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. அதனாலதான் கேக்குறீக."

யாரும் சிரிக்கவில்லை. நாட்டாமை தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் வக்கீலின் கை இருந்தது. நாட்டாமையும் நல்ல கறுப்புதான்.

பாக்கியம்தான் கேட்டாள். "தலைவாயி யாரு பங்கு?"

தலைவாய் என்பது ஆற்றிலிருந்து கால் பிரியும் இடம். ஆற்று மணல் வருஷா வருஷம் அங்கேதான் மேடு போடும். ஊர் எல்லைக்கு வெளியே, வெயிலில், நிழலுக்கு ஒரு செடி இல்லாத இடம்.

"அது யாரு பங்கும் இல்ல" என்றார் நாட்டாமை. "எல்லாரும் அவுகவுக பங்க முடிச்சிட்டு, மிச்ச தெம்பு இருந்தா போயி நாலு வெட்டு வெட்டுவோம். அதான் தண்ணி பாதிதான் வருது."

"அப்ப அத எங்க பங்குன்னு குடுங்க. மொத்தமா நிக்கிறோம். கேள்வி கேக்காமக் குடுங்க."

இதை மொழிபெயர்த்ததும் வக்கீலுக்கு மறுபடி பிடிக்கவில்லை. இருப்பதிலேயே கஷ்டமான இடத்தை ஏன் இவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும், மற்றவர்களுக்குக் கிடைப்பது இவர்களுக்கு அப்படியே ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்றுவரை எனக்கு அதற்குப் பதில் தெரியாது.

பாக்கியத்திடம் பதில் இருந்தது. "சும்மாக் குடுத்தா அதையும் விருந்துன்னுருவாக."

நாட்டாமை எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "ஊரக் கேக்கணும். நான் ஒருத்தன் சொல்ற காரியமில்ல" என்றார். அவ்வளவுதான். கும்பிட்டார், கும்பிட்டோம். ஜீப்பில் ஏறினோம். ஆபீஸ்காரர் அருப்புக்கோட்டை வரும்வரை என்னோடு பேசவில்லை.

முடிவு தெரியாமல் திரும்புவது இந்தத் தொழிலின் சாபம். கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் அவர்கள் வாழ வேண்டியிருக்கிறது. பல ராத்திரி அந்த ஊர் நினைப்பாகவே இருந்தது. ஊரைக் கேட்டிருப்பாரா, ஊர் என்ன சொல்லியிருக்கும், எதிர்த்துப் பேசினாள் என்று அந்த முப்பது வீட்டை இன்னும் ஒதுக்கியிருப்பார்களோ என்றெல்லாம் தோன்றும். போய்ப் பார்க்கவும் தைரியம் இல்லை. நான் நின்று பேசாமல் இருந்திருந்தால் அவர்களுக்குக் கூலி வேலையாவது கிடைத்திருக்கும் என்று மனம் குத்தும். அந்த அமைப்பின் அறிக்கை பின்னால் ஒருமுறை என் கைக்கு வந்தது. தடிமனாக இருந்தது. எங்கள் பக்கத்து ஊரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கோபம் வந்தது. அம்மாள் அத்தனை எழுதினாரே, எங்கே போயிற்று?

மறு வருஷம் ஐப்பசி. எனக்கு வேலை இல்லாத நாள். அப்பா சாப்பிடப் போயிருந்ததால் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். வெயிலில் இன்னும் கறுத்திருந்தாள், அதனால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"நல்லெண்ணெ வேணும் தாயி. வெளக்குக்கு. சுத்தமாக் குடுங்க, கோயிலுக்கு."

குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். "பாக்கியமா?"

அவள் சிரித்தாள். பள்ளிக்கூடத்து வாசலில் அவள் சிரித்து நான் பார்த்திருக்கவில்லை. "நிக்கிறீக. இப்ப ஒங்க பேச்சா, வேற யாரு பேச்சும் பேசப் போறீகளா?"

"என் பேச்சுதான். என்ன ஆச்சு? கூப்பிட்டாரா?"

"போன வருசமே கூப்புட்டாக. நீங்க போன பெறகு ஊருக்குள்ள பெரிய சண்ட. நாட்டாம ரெண்டு நாளு வீட்ட விட்டு வெளிய வரல. தமுக்குப் போட்ட மறுநாளு நாங்களா மம்பட்டியத் தூக்கிக்கிட்டுத் தள்ளி நின்னோம். மேப்பங்கு கூப்புட்டாரு, நடுப்பங்கு கூப்புட்டாரு, கடைப்பங்கும் கூப்புட்டு முடிச்சாரு. நாங்க அப்பவும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தோம். பெறகு தலைவாயின்னாரு. யாருன்னு சொல்லல. இருக்கோம்னு மொத்தமாச் சத்தம் குடுத்தோம், பெரட்டுல குடுக்குற மாதிரி."

"தண்ணி?"

"ஊருணி நெறஞ்சிருச்சு. எந்தத் துறையில எடுக்குறதுன்னு அதுக்கு ஒரு சண்ட. புதுசா ஒரு துற வெட்டிக்கிட்டோம்." கொஞ்சம் நிறுத்தினாள். "மத்ததெல்லாம் இருந்தபடி இருக்கு தாயி. கடைப்பங்கு கடைப்பங்காத்தான் இருக்கு. பொய் சொல்லக் கூடாதுல்ல."

அது உண்மைதான். நான் இந்தக் கதையை உங்களுக்கு இனிப்பாகச் சொல்லிவிடலாம், ஆனால் அவளே அப்படிச் சொல்லவில்லை.

எண்ணெய் அளந்துகொண்டே கேட்டேன். "கோயிலுக்கு என்ன விசேஷம்? நேர்த்திக்கடனா?"

அவள் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அப்படியும் அடங்கவில்லை. அதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்த அப்பா, என்ன விஷயம் என்று புரியாமல் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு இந்த வருசம் காச்சல்னு பொய் சொல்லிப்பிட்டு, மொறைக்கு வராம திருச்சுழிச் சந்தைக்குப் போயிட்டாரு. நாட்டாம கண்டுபிடிச்சு, ஊரக் கூட்டி வச்சு ஏசிப்பிட்டாரு" என்றாள். தூக்குச்சட்டியை வாங்கி மூடியை அழுத்தினாள். "எங்களுக்குத் தெண்டம் போட்டுட்டாக, தாயி."